தேய்ச்ச பல்லு, வெளக்குன பல்லு

எங்கள் வேன் டிரைவர் சுடலை கரிசல் மண்ணில் குப்புறக் கிடந்தான். அவனுடைய தூக்குச்சட்டி ஒரு பக்கம் உருண்டு கிடந்தது. அதில் இருந்த சோறும் புளிக்குழம்பும் அவன் முதுகில் இருந்தன. தலைக்கு மேலே எங்கள் புது ரகம் பச்சையும் சிவப்புமாக விரிந்து, குடை மாதிரி நின்று, மெள்ள உதிர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு அழகான வாணத்தை அதுவரை நாங்கள் செய்ததில்லை. அதை நிமிர்ந்து பார்க்கத்தான் அங்கே ஒருத்தருக்கும் மனசில்லை.

நடந்தது இதுதான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டாசு யூனிட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டல் உண்டு. புது ரகம் எதுவானாலும் சாயங்காலம் ஆட்கள் எல்லாம் ரூமை விட்டு வெளியே வந்த பிறகு, அங்கே விட்டுப் பார்த்துத்தான் ஆர்டருக்கு எடுப்போம். எங்கள் ஃபோர்மேன் கருத்தப்பாண்டி நீளக் கம்பு நுனியில் ஊதுவத்தியைக் கட்டித் திரியில் வைப்பான். நான் தள்ளி நின்று நாலு பக்கமும் பார்ப்பேன். ஆடோ மாடோ ஆளோ குறுக்கே வந்தால் ஒரு சீட்டி அடிப்பேன். அந்தச் சத்தம் கேட்டால் பாண்டியின் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். வருசக்கணக்காக எங்கள் பொட்டலுக்கு அதுதான் சட்டம்.

அன்றைக்குச் சுடலை வேனை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுச் சட்டியோடு குறுக்கு வழியில் நடந்து வந்தான். நான் பார்த்துவிட்டேன். நாக்கை மடித்துச் சீட்டி அடித்தேன்.

காற்றுதான் வந்தது. சூடான டீயை ஊதுகிற மாதிரி ஒரு சத்தம், அம்புட்டுத்தான்.

மறுபடி ஊதினேன். மறுபடியும் டீதான் ஆறியது. வாய்விட்டுக் கத்துவதற்குள் பாண்டி பத்தவைத்துவிட்டான். சுடலை புத்திசாலி. புஸ்ஸென்று சத்தம் கேட்டதும் விழுந்து படுத்துவிட்டான். ஒரு கீறல் இல்லை. சட்டைதான் போயிற்று.

எழுந்து வந்தவன் முதுகிலிருந்து ஒரு கத்தரிக்காய்த் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "அண்ணாச்சி, ஒரு சீட்டி அடிச்சிருக்கப்படாதா?"

"அடிச்சேன்லே."

"எனக்குக் கேக்கலையே அண்ணாச்சி" என்றான் கருத்தப்பாண்டி.

வாயெல்லாம் ஒரு மாதிரி இரும்பு ருசியாக இருந்தது. துப்பினேன். கரிசல் மண்ணில் சிவப்பாக விழுந்தது. பாண்டி குனிந்து பார்த்தான்.

"வெத்தலை போட்டிருக்கீகளா?"

"நான் என்னைக்குலே வெத்தலை போட்டேன்?"

காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினேன்.

என் பல்லின் சரித்திரம்

என் பல்லைப் பற்றி நான் பெருமையாகத்தான் பேசுவேன். படிப்பு மூணாம் கிளாசோடு சரி. அப்பன் சொத்து ஒரு குழி நிலம் கிடையாது. ஆண்டவன் எனக்கென்று கொடுத்தது இரண்டு கையும் ஒரு வாய்ப் பல்லும்தான். அதை வைத்துத்தான் யூனிட் போட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்காமல் கேளுங்கள்.

வெம்பக்கோட்டை அணை வருவதற்கு முந்தி, அந்த வைப்பாற்றுக் கரையில் ஊரார் ஆட்டை மேய்த்தவன் நான். ஆட்டுக்குப் பின்னால் ஓட எனக்குப் பிடிக்காது. ஓடுகிறவன் கூலிக்காரன், நின்ற இடத்தில் நின்று திருப்புகிறவன் முதலாளி என்று அந்த வயசிலேயே எனக்கு ஒரு நினைப்பு. அதனால் சீட்டி பழகினேன். விரலை வாயில் வைக்கிற சீட்டி இல்லை. கீழ் உதட்டை உள்ளே மடித்து, நாக்கு நுனியைக் கீழ் முன்பல்லில் முட்டுக் கொடுத்து அடிக்கிற சீட்டி. கை இரண்டும் சும்மா இருக்கும். அக்கரையில் நிற்கிற கிடா திரும்பிப் பார்க்கும்.

அப்புறம் வெடிக்கு நூல் சுற்றும் வேலைக்குப் போனேன். சணலை இறுக்கிச் சுற்றி முடித்து அறுக்க வேண்டும். மற்றவர்கள் பிளேடைத் தேடுவார்கள், எடுப்பார்கள், வைப்பார்கள். நான் குனிந்து ஒரு கடி. அவர்கள் பிளேடை எடுக்கும் நேரத்தில் நான் அடுத்த வெடியில் பாதி சுற்றியிருப்பேன். கணக்குப்பிள்ளை என்னை 'அணில்' என்று கூப்பிடுவார். அணில்தான் பிறகு அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அது வேறு கதை.

கல்யாண வீட்டில் கலர் பாட்டில் மூடியைப் பல்லால் திறந்து கொடுப்பேன். பெண் வீட்டார் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். என் கல்யாணத்திலும் திறந்தேன். சீனியம்மா, அதுதான் என் வீட்டுக்காரி, அன்றைக்கே தலையில் கையை வைத்துக்கொண்டாள் என்று அவளே சொல்வாள்.

இந்தப் பல்லை நான் எப்படிக் காப்பாற்றினேன் தெரியுமா? தேய்த்துத்தான். சின்ன வயசில் செங்கல் பொடி. அப்புறம் அடுப்புக் கரி. கொஞ்சம் தலை நிமிர்ந்த பிறகு ரோஸ் கலர் பல்பொடி. யூனிட் போட்டதும் பிரஷ். கடைக்காரர் 'சாஃப்ட்டா, மீடியமா' என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். "இருக்கிறதுலயே முரடா ஒண்ணு குடுங்க" என்பேன். பித்தளை அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்ப்பதைப் போல இடமும் வலமுமாக இழுப்பேன். புது பிரஷ் பத்து நாளில் மிதிபட்ட கோரைப்புல் மாதிரி மல்லாந்துவிடும். அதைப் பார்த்தால் எனக்கு ஒரு திருப்தி. வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம் அல்லவா?

நேரமும் அப்படித்தான். குழாயைத் திறந்து வாளியை வைத்தால், வாளி நிறைவதற்குள் பல் தேய்த்து, வாய் கொப்புளித்து, முகம் கழுவி முடிந்திருக்கும். சீக்கிரம் முடிக்கிறவன்தான் முன்னேறுவான் என்று மற்றவர்களுக்கு வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டாக்டரம்மா கேட்ட ஒரே காரியம்

என் துண்டில் சிவப்புக் கறை இருப்பதைச் சீனியம்மா முன்னாலேயே பார்த்திருக்கிறாள். கேட்டபோதெல்லாம் 'மிளகாய் வத்தல் கலர்' என்று சொல்லித் தட்டிவிட்டேன். பொட்டல் விசயம் சுடலை வழியாக வீட்டுக்குள் போன பிறகு, அவள் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வேனில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "விருதுநகருக்கு விடுலே" என்றாள். சுடலையும் விட்டான். முதலாளி நான் பின் சீட்டில்.

டாக்டரம்மா சின்ன வயசு. என் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை அடித்துப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த பல் பொம்மையையும் ஒரு பிரஷ்ஷையும் கொடுத்து, "ஐயா, தினம் எப்படிச் செய்வீங்களோ அப்படியே இதுல செஞ்சு காட்டுங்க" என்றாள். அவள் கேட்டது அந்த ஒரு காரியம்தான்.

செய்து காட்டினேன். பொம்மையின் மேல் தாடை கழன்று மேசைக்குக் கீழே போய்விட்டது.

அவள் அதை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னாள். "ஐயா, நீங்க இத்தனை வருசமா பல்லு விளக்கவே இல்லை. தேய்ச்சிருக்கீங்க. தேய்ச்சா தேயத்தானே செய்யும்?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் 'பல்லு தேய்ச்சாச்சா' என்றும் கேட்போம், 'பல்லு வெளக்கியாச்சா' என்றும் கேட்போம். இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டுக்கும் நடுவில் என் பல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பல்லு கல்லு மாதிரி இருக்கிறது, அடிமண்தான் அரித்துவிட்டது என்றாள். ஈறு ஓரத்தில் காரை படிந்திருக்கிறது, முரட்டு பிரஷ் ஈறைக் கிழித்ததே தவிர அந்தக் காரையைத் தொடவில்லை, கீழ் முன்பல் ஆடுகிறது என்றாள். விரலை வைத்து அசைத்துக் காட்டினாள். என் பல் என் வாய்க்குள் ஆடியது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்தப் பல்லு போனா சீட்டி வருமா?"

அவள் சிரித்துவிட்டாள். கிழவனுக்கு ஆசையைப் பார் என்று நினைத்திருப்பாள். சீனியம்மா சிரிக்கவில்லை. பொட்டலில் நடந்ததை அவள்தான் எடுத்துச் சொன்னாள். இவர் சீட்டிக்குத்தான் எங்கள் ஃபோர்மேன் கை நிற்கும், கை நிற்காவிட்டால் ஆள் நிற்க மாட்டான் என்று. டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது.

காரையை மெஷின் வைத்து எடுத்தாள். பிறகு பாடம். தும்பைப்பூ மாதிரி மெத்தென்ற பிரஷ். ஈறு ஓரத்தில் சின்னச் சின்ன வட்டம். அப்புறம் ஈறிலிருந்து பல் நுனிக்கு ஒரே போக்காக இழுக்க வேண்டும், வெளியேயும் உள்ளேயும். கடைவாய். கடைசியில் நாக்கு. இரண்டு நிமிடம், இரண்டு வேளை. இளஞ்சூட்டு வெந்நீரில் உப்புப் போட்டு வாய் கொப்புளிக்க வேண்டும். ஈறு இறுகிப் பிடித்தால் பல் நிற்கும். பிடிக்காவிட்டால் எடுத்துவிட்டுப் பல்செட்டுதான்.

"பல்செட்டுல சீட்டி?" என்றேன்.

"அதுக்கு நான் பொறுப்பில்லைங்க ஐயா" என்றாள்.

வெளியே வந்ததும் சுடலை கேட்டான். விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டே ஓட்டியவன், "பல்செட்டுன்னா அண்ணாச்சி, நீங்க ஊதுன வேகத்துக்குச் செட்டுதான் முதல்ல பறக்கும். அதுக்கும் நான் படுக்கணும்" என்றான். சீனியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

உப்பு என்றால் எந்த உப்பு

மறுநாள் யூனிட்டுக்குப் போகிற வழியிலேயே பாண்டிக்குப் போன் போட்டு, ஒரு செம்பு வெந்நீர் வைத்து அதில் ஒரு கை உப்புப் போட்டு வைக்கச் சொன்னேன். போனதும் ஆபீஸ் ரூமில் செம்பு இருந்தது. மேலே தட்டு போட்டு மூடி வைத்திருந்தான். மரியாதை தெரிந்தவன்.

கையில் எடுத்தேன். செம்பு சில்லென்று இருந்தது. வெந்நீர் கேட்டவனுக்கு மண்பானைத் தண்ணீர் வைத்திருக்கிறானே என்று திட்டிக்கொண்டே ஒரு வாய் ஊற்றினேன்.

நாக்கில் பட்ட அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. குளிர்ச்சி, கூடவே ஒரு கசப்பு. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பழக்கமான ருசி. அப்படியே வாசலுக்கு ஓடித் துப்பினேன்.

எங்கள் தொழிலில் உப்பு என்றால் வெடியுப்பு. திங்கிற உப்புக்குச் 'சோத்து உப்பு' என்று தனியாகப் பேர் சொல்ல வேண்டும். அவசரத்தில் நான் சொல்லவில்லை. வெடியுப்பைத் தண்ணீரில் போட்டால் சூடு இறங்கிச் சில்லென்று ஆகிவிடும். பாண்டி வெந்நீரை ஆற வைத்து, நான் வருகிற நேரத்தில்தான் உப்பை அள்ளிப் போட்டிருக்கிறான் பாவம்.

"ஏலே, வாய் கொப்புளிக்க எந்த உப்புலே போடுவாக?"

"நீங்க உப்புன்னீக. நம்ம கம்பெனியில நம்ம உப்புதானே அண்ணாச்சி இருக்கு. புது வைத்தியம் போலன்னு நினைச்சேன்."

விழுங்கவில்லை, நல்லகாலம். வாயை ஏழெட்டுத் தடவை பச்சைத் தண்ணீரில் அலசினேன். அதற்குள் சேதி ரூம் ரூமாகப் போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் பெண்கள் எல்லாம் ஒரு மாதிரி நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்கிற மாதிரி எனக்குக் கேட்கும்படி சொன்னாள். "அண்ணாச்சி இன்னும் கந்தகமும் கரியும் கொப்புளிச்சாகன்னா, தீபாவளிக்கு அவுகளையே பொட்டல்ல நிறுத்திப் பத்தவச்சிரலாம்."

நான் கேட்காத மாதிரி போய்விட்டேன். அன்றிலிருந்து சோத்து உப்பு டப்பா ஒன்று, மேலே பேர் எழுதி, என் மேசையில் இருக்கிறது.

உராய்வு

உப்பு சுலபம். அந்த இரண்டு நிமிடம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கொன்றது.

மெத்து பிரஷ் என் கையில் நிற்கவில்லை. முதல் பிரஷ் கழுத்து ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. ஒடியாமல் பிடித்தால் பல் மேல் பிரஷ் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டு, வாயில் நுரையை வைத்துக்கொண்டு, ஒரு யூனிட்டை ஆள்கிறவன் என்ன செய்வது? வாளி நிறைந்து வழியும். மனசு லோடு ஏற்றுகிற இடத்தில் இருக்கும். பழைய கை தானாக இடமும் வலமும் இழுக்க ஆரம்பித்துவிடும். துப்பினால் சிவப்பு.

இதற்கு நடுவே பொட்டலில் என் வேலை பறிபோனது. சுடலை திருவிழாக் கடையில் ஒரு பட்டாணி விசில் வாங்கிவந்து கழுத்தில் மாட்டிக்கொண்டான். குறுக்கே யாராவது வந்தால் அவன் ஊதினான். கிர்ர்ர் என்று பஸ் கண்டக்டர் மாதிரி. நான் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். நான் உண்டாக்கிய பொட்டல், நான் போட்ட சட்டம், ஊதுகிறது வேன் டிரைவர். காற்று எதிர்த்து அடித்தால் அந்தக் கிர்ர்ர் பாண்டி வரைக்கும் போய்ச் சேராது. பாண்டியே ஒரு நாள் சொன்னான். "பல்லைச் சீக்கிரம் சரிபண்ணிக்கோங்க அண்ணாச்சி. இந்த விசிலை நம்பிக் கம்பை நீட்ட மனசு வரமாட்டேங்குது."

அந்த வாரம் வெடிமருந்து சலிக்கிற ரூமில் புதிதாக வந்த பெண் ஒருத்தி சல்லடையை அழுத்தித் தேய்த்துவிட்டாள். வாசலில் நின்றபடியே நிறுத்தச் சொன்னேன். அவள் கையை எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மருந்தை அழுத்தக் கூடாது, இடிக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. எங்கள் தொழிலில் உயிரை எடுக்கிற ஒரே வார்த்தை உராய்வு. மூன்று விரல் நுனியால், பூவைத் தொடுகிற மாதிரி, தானாக விழ விட வேண்டும். அதற்கு 'மருந்துக் கை' என்று பேர். அந்தக் கை வராதவர்களை நான் மருந்து ரூமுக்குள் விடுகிறதில்லை. என் யூனிட் இன்றுவரை முழுசாக நிற்கிறதென்றால் அதனால்தான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சீனியம்மாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் நான் குழாயடியில் நின்று வறட்டு வறட்டென்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, அங்கன ஒரு பிள்ளையை உராய்வு உராய்வுன்னு அந்தப் பாடு படுத்திட்டு வந்தீகளே. உங்க வாயி மட்டும் என்ன ஆலங்குளத்துச் சுண்ணாம்புக் கல்லா? அங்கன மருந்துக் கை, இங்கன மண்வெட்டிக் கையா?"

நுரையோடு நின்றேன். கையில் இருந்த பிரஷ்ஷைப் பார்த்தேன். மண்வெட்டிக் காம்பைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். மெள்ள மூன்று விரலுக்கு மாற்றினேன். மருந்து சலிக்கிற பிடி. ஈறு ஓரத்தில் வைத்தேன்.

அம்மாடி, அது கூசியது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சந்து இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வாய்க்குள்ளே தீபாவளி

பிடி வந்துவிட்டது. நேரம் வர வேண்டுமே. இங்கேதான் என் மூளை வேலை செய்தது. சீனியம்மா தன் மூளைதான் என்பாள். கதையைச் சொல்கிறவன் நான்.

டாக்டரம்மா சொன்ன சின்ன வட்டம் என்ன? சங்குசக்கரம். ஈறு ஓரத்தில் ஒவ்வொரு பல்லிலும் ஒரு சங்குசக்கரம் விட்டுக்கொண்டே போக வேண்டியது. சங்குசக்கரத்தை யாரும் அழுத்துவார்களா? அழுத்தினால் நின்றுபோகும். கீழ்ப் பல்லில் ஈறிலிருந்து மேலே இழுப்பது புஸ்வாணம். மேல் பல்லில் ஈறிலிருந்து கீழே இழுப்பது தலைகீழ்ப் புஸ்வாணம். அப்படி ஒரு ரகம் உலகத்தில் கிடையாது, என் வாயில் மட்டும் உண்டு. கடைவாய்ப் பல் கடைசி ரூம். யூனிட்டில் கடைசி ரூமைத்தான் முதலாளி எட்டிப் பார்க்க மாட்டான், அங்கேதான் தப்பு நடக்கும். அதனால் கடைசி ரூமில் கொஞ்சம் கூடுதல் நேரம். நாக்கு, பொட்டல். எல்லாம் விட்டு முடித்ததும் பொட்டலைக் கூட்டிச் சுத்தம் பண்ண வேண்டும்.

நேரத்துக்கு, பெரிய கம்பி மத்தாப்பு. இரண்டு நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் ஒரு பெரிய மத்தாப்பு எப்படி எரியும் என்று என் ரத்தத்துக்குத் தெரியும். கண்ணை மூடினால் நுனியில் பிடிக்கும், பொரியும், கம்பி சிவந்துகொண்டே கைக்கு இறங்கும், கடைசியில் ஒரு துடிப்புத் துடித்து அணையும். குழாயடியில் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் ஒரு மத்தாப்பைக் கொளுத்துவேன். அது அணைகிறவரை பிரஷ் வாயில்.

சில நாள் ஏமாற்றுவேன். சீக்கிரம் துப்பிவிட்டுத் திரும்பினால் உள்ளேயிருந்து குரல் வரும். "என்ன, இன்னைக்கு மத்தாப்பு அதுக்குள்ள அணைஞ்சிருச்சா?"

"காத்து அதிகம்" என்பேன்.

"நமத்த சரக்கை நீங்க கம்பெனியில விப்பீகளா? திரும்பக் கொளுத்துங்க."

திரும்பக் கொளுத்துவேன். வேறு என்ன செய்ய?

ராத்திரி சாப்பிட்ட பிறகு இரண்டாவது காட்சி. முதலில் அது எனக்கு அநியாயமாகப் பட்டது. படுக்கப் போகிறவனுக்கு எதற்குப் பல் அலங்காரம்? போகப் போக அது பிடித்துவிட்டது. நாள் முழுக்க ரூம் ரூமாகப் பயந்துகொண்டே சுற்றுகிறவனுக்கு, ஒரு பயமும் இல்லாமல் சங்குசக்கரம் விடுகிற இடம் அது ஒன்றுதான்.

சுடலை கண்ணில் பட்டால் எதுவும் ரகசியமாக இருக்காது. வேனில் பெண்களுக்குச் செய்து காட்டியிருக்கிறான். காலையில் நான் கேட்டுக்குள் நுழைந்தால், "அண்ணாச்சி, புஸ்வாணம் நல்லா வந்துச்சா?" என்று எங்கேயோ ஒரு குரல் வரும். திரும்பினால் எல்லாரும் தலை குனிந்து வேலையில் இருப்பார்கள். கிண்டல்தான். ஆனால் கொஞ்ச நாளில் யூனிட் குழாயடியில், சாயங்காலம் மருந்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, இரண்டு பேர் பிரஷ்ஷோடு நின்றார்கள். அப்புறம் நாலு பேர். பல் வலிக்காரப் புருசனோடு திண்டாடிய ஒருத்தி, "எங்க வீட்டு ஆளுக்குச் சங்குசக்கரம் பழக்கிட்டேன் அண்ணாச்சி, ஊசிப் பட்டாசுதான் இன்னும் நிறுத்தலை" என்றாள். அவன் பீடியைச் சொல்கிறாள்.

எனக்குத் துப்பினால் சிவப்பு குறைந்தது. அப்புறம் ரோஸ். அப்புறம் வெறும் வெள்ளை. முதல் வெள்ளை நுரையைப் பார்த்த அன்றைக்குச் சீனியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையுமா கூப்பிட்டுக் காட்டுவாக" என்று சொன்னாள். ஆனால் நின்று பார்த்தாள்.

டாக்டரம்மா கீழ்ப் பல்லை விரலால் அசைத்துப் பார்த்து, "பிடிச்சிருச்சு ஐயா" என்றாள். சீட்டியை மட்டும் கொஞ்ச காலம் அடிக்க வேண்டாம், தானாக இறுகட்டும் என்றாள். நானும் அடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அடித்துப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. எனக்குத் தைரியம் வராத காரியம் இந்த ஜில்லாவிலேயே அது ஒன்றுதான்.

வடக்கத்தி பார்ட்டி

செல்போனில் போட்டோ பிடிப்பது வந்த புதுசு. சீசன் தொடங்குகிற நேரம், வடக்கேயிருந்து ஒரு பெரிய பார்ட்டி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கையில் அந்தப் புது போன். பச்சையும் சிவப்புமாக விரிகிற ரகத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் என்றார்.

பொட்டலில் பாண்டி கம்போடு நின்றான். சுடலை வேன் பக்கத்தில் பட்டாணி விசிலோடு நின்றான். பார்ட்டியை என் பக்கத்தில் நிறுத்தி, இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று கையால் காட்டியிருந்தேன். மேல்காற்று நல்ல வேகம். கரிசல் புழுதி முகத்தில் அடித்தது.

பாண்டி முதுகைக் காட்டிக் குனிந்து கம்பை நீட்டினான். நான் திரும்பி மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதற்குள், பக்கத்தில் ஆளைக் காணோம். பார்ட்டி போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதில் தெரிகிற படத்தைப் பார்த்தபடியே வாணம் நட்டிருந்த குழாயை நோக்கி நேராக நடந்துகொண்டிருந்தார்.

சுடலை கிர்ர்ர் என்று ஊதினான். காற்று அதை அப்படியே வாரிக் கிழக்கே கொண்டுபோய்விட்டது. பாண்டியின் கம்பு நிற்கவில்லை. ஊதுவத்திப் புகை திரிக்குப் பக்கத்தில் போய்விட்டது.

நான் யோசிக்கவில்லை. உதட்டை மடித்தேன். நாக்கைக் கீழ்ப் பல்லில் முட்டுக் கொடுத்தேன். பல் ஆடவில்லை. சுவர் மாதிரி நின்றது.

அடித்தேன்.

வைப்பாற்றங்கரைக் கிடா திரும்பியிருக்கும். கம்பு அந்தரத்தில் நின்றது, திரிக்கு ஒரு விரற்கடை முந்தி. பார்ட்டி ஒரு காலைத் தூக்கியபடியே கல்லாகிவிட்டார். வேப்பமரத்தில் இருந்த காக்காய் எல்லாம் எழுந்து பறந்தன. வீட்டுக்குக் கிளம்ப நின்ற பெண்கள் தலைகள் வரிசையாகத் திரும்பின.

பாண்டி திரும்பாமலே கம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அப்புறம்தான் மெள்ளத் திரும்பினான். பார்ட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சுடலையைக் காணோம். தேடினால், வேனுக்குப் பக்கத்தில், அவ்வளவு தூரத்தில், குப்புறப் படுத்துக் கிடக்கிறான்.

"எந்திரிலே, உனக்கில்லை" என்றேன்.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே வந்தான். "பழக்கம் அண்ணாச்சி." கொஞ்சம் நின்று, காதைக் குடைந்துகொண்டு சொன்னான். "ஆனா இது பழைய சீட்டி இல்லை."

"ஏன்லே?"

"பழசு ரம்பத்துல அரம் தேய்க்கிற மாதிரி இருக்கும். இது வெளக்குன வெங்கலம் மாதிரில்ல இருக்கு."

பட்டாணி விசில் இப்போதும் அவன் கழுத்தில்தான் இருக்கிறது. நான்தான் மாட்டியிருக்கச் சொன்னேன். பொட்டலில் ஒன்றுக்கு இரண்டு சத்தம் இருக்கட்டும். அதில் முதல் சத்தம் என்னுடையது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சீனியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காக்காய் பறந்ததைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். சாப்பாடு போட்டாள். சாப்பிட்டேன். ஆர்டர் கிடைத்த சந்தோசத்தில் அப்படியே கட்டிலைப் பார்த்து நடந்தேன்.

"மத்தாப்பு?" என்றாள்.

குழாயடியில் பிரஷ் தயாராக இருந்தது. பேஸ்ட்டை அவளே வைத்திருந்தாள்.